வண்டி கிளம்பிடுச்சு சார்

பரஞ்சோதி ஒன்பது வருஷமாக நாளொன்றுக்கு அறுபது தடவை சொல்லிவந்த பொய், ஆனி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபதுக்கு உண்மையாகிப்போனது.

செங்கல்பட்டு போகிற நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, வேப்பமரங்களெல்லாம் சாம்பல் நிறத்தில் நிற்கிற இடத்தில் இருந்தது திடம் ரெடிமிக்ஸ். அங்கே ஜல்லியும் மணலும் சிமென்ட்டும் தண்ணீரும் மேலே கலந்து, கீழே வந்து நிற்கிற மிக்சர் வண்டியின் வயிற்றுக்குள் விழும். வயிறு சுற்றச் சுற்ற வண்டி ஊர்களைக் கடந்து போய், யாரோ கட்டுகிற வீட்டிலோ பாலத்திலோ பள்ளிக்கூடத்திலோ கொட்டிவிட்டுத் திரும்பும். தண்ணீர் பட்டதிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் கொட்டியாக வேண்டும், இல்லையென்றால் வயிற்றுக்குள்ளேயே கல்லாகிவிடும். பன்னிரண்டு வண்டிகளில் எது எப்போது எந்த வழியாக எங்கே போக வேண்டும் என்று தீர்மானிப்பது பரஞ்சோதியின் வேலை என்று அவனுடைய நியமன உத்தரவில் எழுதியிருந்தது. ஆனால் அவன் செய்துவந்த வேலை, எந்த வண்டியும் எங்கேயும் நேரத்துக்குப் போகாது என்கிற ஒரே செய்தியை இரண்டு போன்களில் பல விதமாகச் சொல்வது. “வண்டி கிளம்பிடுச்சு சார்” என்றால் வண்டியை இன்னும் கழுவவில்லை. “பாலத்தைத் தாண்டிடுச்சு” என்றால் இப்போதுதான் கலவை விழுகிறது. “உங்க தெருவுக்குள்ள நுழைஞ்சிடுச்சு” என்றால் வண்டி நிஜமாகவே கிளம்பிவிட்டது.

அவனுக்கென்றும் ஒரு வீடு பாதியில் நின்றது. கரும்பாக்கத்தில் ஒன்றரை சென்ட் மனையில் நாலு பக்கமும் சுவர் எழும்பி, மேலே தளம் போடாமல் பதினாலு மாதமாக வானத்தைப் பார்த்தபடி கிடந்தது. தளத்துக்குத் தேவை ஆறு கன மீட்டர் கலவை, ஒரே ஒரு வண்டி. அந்த ஒரு வண்டி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவனைவிடப் பெரிய யாருக்காவது திரும்பிப்போகும், திருப்பிவிடுகிறவனும் அவன்தான். கூடத்தில் ஆமணக்கு முளைத்துக் காய்க்கவும் செய்தது. வாடகை வீட்டுக்காரர் ஐப்பசிக்குள் காலி பண்ணச் சொல்லியிருந்தார். மழைக்கு முன்னால் தளம் விழுந்தாக வேண்டும் என்று அவன் மனைவி வளர்மதி காலையில் ஒரு முறையும் சாயங்காலம் ஒரு முறையும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை கூடுவாஞ்சேரி அடுக்குமாடி வேலையின் என்ஜினீயர் அருள்தாஸ் போன் செய்தபோது, ஏழாம் நம்பர் வண்டி கலவை நிரம்பி முற்றத்தில் நின்றது. டிரைவர் எட்டியப்பன் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடி கிளாஸில் டீ குடித்துக்கொண்டிருந்தார். பரஞ்சோதி ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே, “வண்டி உங்க கேட்டுக்கே வந்துடுச்சு சார், வெளிய வந்து பாருங்க” என்றான். சொல்லி முடித்தபோது முற்றத்தில் வண்டி இல்லை. வண்டி நின்ற இடத்தில் ஈரம் மட்டும் இருந்தது.

போனில் அருள்தாஸின் குரல் இறங்கிப்போயிருந்தது. “யோவ், நிஜமாவே வந்து நிக்குதுய்யா.”

“அதான் சொன்னேனே சார்.”

“நீ வந்துடுச்சுன்னு சொன்னா இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்குன்னுதானய்யா அர்த்தம்? நான் இன்னும் கம்பியே கட்டல! நான் எல்லாம் ரெடின்னு சொன்னா ரெடின்னு எடுத்துக்குவியா? எத்தனை வருஷமாய்யா இந்தத் தொழில்ல இருக்க?”

எட்டியப்பனும் அங்கிருந்து கூப்பிட்டார். அவர் கவலை வேறு. “தம்பி, டீக்கடை கிளாஸ் என்கிட்ட இருக்கு. அந்தம்மா கணக்குல எழுதிடப் போவுது, கொஞ்சம் சொல்லிடு.” டீ இன்னும் சூடாகவே இருந்ததாம்.

அன்று அதற்கப்புறம் சொன்ன பதினெட்டுப் பொய்களும் அப்படியே நடந்தன. மறுநாள் எல்லாரும் வழக்கம்போல வேலைக்கு வந்தார்கள்.

முதலில் வருத்தப்பட்டவர் கலவை இயந்திரத்தை ஓட்டுகிற மொய்தீன் பாய். வாய்க்குக் கீழே நின்று பாதி நிரம்பிய வண்டி திடீரென்று காணாமல்போய், மீதிக் கலவை தரையில் விழுவதை மூன்று தடவை பொறுத்தவர், நாலாவது தடவை மேலேயிருந்து இறங்கி வந்தார். “சோதி, நீ என்ன வேணா சொல்லிக்க. சொல்றதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வார்த்தை சொல்லு.” மேனேஜர் ஜெயசிங் உடனே ஒரு சுற்றறிக்கை போட்டார்: வாடிக்கையாளருக்குத் தகவல் தெரிவிக்கும் முன் அனுப்புகைப் பிரிவு இரண்டு முறை மணி அடிக்க வேண்டும். மணி வந்தது, மணிக்குக் கயிறு வந்தது, கயிற்றுக்கு யார் பொறுப்பு என்று இன்னொரு சுற்றறிக்கை வந்தது.

சீட்டில் டிரைவர் இல்லாத நேரத்தில் பரஞ்சோதி பேசிவிட்டால் வண்டி மட்டும் தனியாகப் போய்ச் சேர்ந்தது. அப்படி இரண்டு வண்டிகள் போனபோது அந்தந்த வாசல் காவலர்கள் டிரைவர் பெயரையும் உரிம எண்ணையும் பதிவேட்டில் எழுதி, எதிரே கையெழுத்தும் வாங்கியிருந்தார்கள். அது யார் போட்ட கையெழுத்து என்று யாரும் கேட்கவில்லை. வண்டி எங்கே போகிறது என்று கண்காணிக்கிற கருவியை மாட்டிய கம்பெனியிலிருந்து, உங்கள் வாகனம் மணிக்குப் பத்தொன்பதாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் சென்றுள்ளது, ஓட்டுநருக்கு அறிவுரை வழங்கவும் என்று கடிதம் வந்தது. ஜெயசிங் எட்டியப்பனைக் கூப்பிட்டு அறிவுரை வழங்கினார். எட்டியப்பன் இனிமேல் மெதுவாகப் போவதாக எழுதிக்கொடுத்தார்.

மூன்றாவது வாரம் போக்குவரத்து சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் பழத்தட்டோடு நேரில் வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, “பதினஞ்சு நாளா உங்க வண்டி ஒண்ணுகூட எங்க பக்கம் வரலியே, எங்க பசங்க யாராச்சும் மரியாதைக் குறைவா நடந்துக்கிட்டாங்களா?” என்று கேட்டார். இவர்கள் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல அவர் முகம் இன்னும் வாடியது.

எல்லாரையும்விட அதிகம் துன்பப்பட்டவர்கள் வாடிக்கையாளர்கள்தான். அதுவரை அந்தத் தொழில், வண்டி கிளம்பிவிட்டது என்று இவன் சொல்லும் பொய்யும் எல்லாம் தயார் என்று அவர்கள் சொல்லும் பொய்யும் ஒன்றையொன்று தாங்கிப்பிடித்துக்கொண்டு நின்ற தொழில். அதில் ஒன்று திடீரென்று உண்மையானதும் மற்றது தடுமாறி விழுந்தது. சாரம் கட்டாத இடத்தில் வண்டி நின்றது, பள்ளமே தோண்டாத இடத்தில் நின்றது, ஒரு இடத்தில் மனையையே இன்னும் வாங்கவில்லை. கட்டுமானப் பொறியாளர்கள் சங்கத்திலிருந்து, தங்கள் நிறுவனத்தின் நேரந்தவறாமையால் எங்கள் உறுப்பினர்களுக்கு ஏற்படும் மன உளைச்சல் என்று தொடங்கி நாலு பக்கத்துக்கு ஒரு கண்டனம் வந்தது.

முதலாளி சடகோபன் மட்டும் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். நெடுஞ்சாலையில் நாற்பதடிப் பலகை ஒன்று எழுந்தது: திடம் – சொன்னால் வந்துவிடும். பரஞ்சோதியின் அறைக்குக் குளிர்சாதனம் மாட்டினார்கள். வாய் வறண்டால் கலவை நிற்கும் என்று அவனுக்கு மட்டும் இளநீர் வந்தது.

வளர்மதிக்கு இதெல்லாம் தெரிந்தபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “ஊருக்கெல்லாம் சொல்றீங்களே, நமக்கு ஒரு வார்த்தை சொன்னா என்ன?”

சொல்லிவிடலாம் என்றுதான் அவனும் இருந்தான். ஆவணி இரண்டாம் ஞாயிறு என்று நாள் பார்த்து, மேஸ்திரிக்கு வெற்றிலை பாக்கு வைத்து, சென்ட்ரிங் பலகை அடித்து, கம்பியும் கட்டியாயிற்று. அதற்கு முந்தின புதன்கிழமை பரிசோதனைக்கூடத்திலிருந்து பிலவேந்திரன் வந்து அறைக் கதவைச் சாத்தினான்.

ஒவ்வொரு வண்டியிலிருந்தும் கொஞ்சம் கலவை எடுத்துக் கட்டியாக வார்த்து, இருபத்தெட்டாம் நாள் இயந்திரத்தில் வைத்து நசுக்கி, எவ்வளவு பாரம் தாங்குகிறது என்று அறிக்கை கொடுப்பது பிலவேந்திரனின் வேலை. அறிக்கையை முதல் நாளே எழுதிவிடுவான். கட்டிகளைப் பின்பக்கம் அடுக்கி, அதன்மேல் சட்டையைக் காயப்போடுவான். அன்று இயந்திரத்தைப் பழுது பார்க்க வந்தவன் நசுக்கிப் பார்க்க எதையாவது கொடு என்று கேட்டதால், கைக்கு வந்த ஒரு கட்டியைக் கொடுத்திருக்கிறான். அது பரஞ்சோதி வார்த்தையால் போன வண்டியின் கட்டி.

“முள்ளு அசையவே இல்லண்ணே. உள்ள பார்த்தா மாவு. ஒடையறத நான் பார்த்திருக்கேன், கொஞ்சமாச்சும் சத்தம் வரும். இது சத்தமே இல்லாம போச்சு. சந்தேகத்துல இன்னும் ஒன்பது வச்சுப் பார்த்தேன். ரோட்டு வழியா போன ரெண்டும் கல்லு மாதிரி நிக்குது. நீங்க சொல்லிப் போன ஏழும் மாவு.”

மொய்தீன் பாயைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. “பதினஞ்சு கிலோமீட்டர் குலுங்கிப் போறப்பதான் கல்லும் சிமென்ட்டும் ஒண்ணோட ஒண்ணு பழகுது. வழியே இல்லாம போய் எறங்குனா அது யாரோ, இது யாரோ.”

முதலாளியிடம் போய்ச் சொன்னார்கள். சடகோபன் கணினியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். “ரிப்போர்ட்ல என்ன இருக்கு?”

“பாஸ்னு இருக்கு சார்.”

“அப்புறம் என்ன?”

அன்று மத்தியானம் பரஞ்சோதி தான் சொல்லி அனுப்பியவற்றை ஒரு தாளில் எழுதிப் பார்த்தான். நாற்பத்தொரு வீடுகள், ஒரு ஆரம்ப சுகாதார நிலையம், கவுன்சிலர் தணிகாசலத்தின் கல்யாண மண்டபத்தில் கீழ்த்தளம் முழுவதும். எல்லாம் நின்றுகொண்டிருந்தன. நிற்கின்றன என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்ததால் நின்றன போல. அவன் தாளை மடித்துப் பையில் வைத்தான். நாற்பத்தொரு வீட்டுக்காரர்களில் ஒருவருக்கும் அவன் போன் செய்யவில்லை. தன் வீட்டை மட்டும் நினைத்தான்: அந்தத் தளத்தின் கீழே வளர்மதி படுப்பாள், இரண்டு பெண்கள் படுப்பார்கள். வண்டி கரும்பாக்கம் போய்ச் சேரும்வரை தன் வாயிலிருந்து ஒரு பொய் வரக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே காலுக்கு ஏழாம் நம்பர் வண்டியில் ஆறு கன மீட்டரும் விழுந்தது. மொய்தீன் பாய் மணலைத் தன் கையால் பிடித்துப் பார்த்துப் போட்டார். எட்டியப்பன் சாமி கும்பிட்டு, பரஞ்சோதியின் ஜன்னலுக்கு நேரே வண்டியை நிறுத்தி, “தம்பி, வாயைக் கட்டு. நான் ரோட்டுலயே போறேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். பதினேழு கிலோமீட்டர். சந்தை நாள். நடுவே ஒரு ரயில்வே கேட்.

பத்தே முக்காலுக்கு வளர்மதி கூப்பிட்டாள். “என்னங்க, வண்டி எங்க?”

ஒன்பது வருஷப் பழக்கம் தொண்டைவரை வந்தது. பரஞ்சோதி இளநீரை ஒரு வாய் குடித்து அதை உள்ளே தள்ளினான். “இப்பதான் மெயின் ரோடு ஏறியிருக்கு.”

பதினொன்று பத்துக்கு மறுபடியும். “சந்தைகிட்ட நிக்குது. மாட்டு வண்டிங்க குறுக்க.” பதினொன்று முப்பதுக்கு மறுபடியும். “இன்னும் சந்தைதான்.” பின்னால் மேஸ்திரி ஏதோ கேட்பதும் வளர்மதி தாழ்ந்த குரலில் பதில் சொல்வதும் கேட்டது. “ரயில்வே கேட் போட்டிருக்கான் வளரு. கூட்ஸ் போவுதாம்” என்று பன்னிரண்டு மணிக்குச் சொன்னபோது, அவள் போனை வைத்துவிட்டாள்.

அப்போதுதான் சடகோபன் உள்ளே வந்தார், ஞாயிற்றுக்கிழமைக்கு உரிய பூப்போட்ட சட்டையில். தணிகாசலம் மண்டபத்துக்கு மேல்தளம் போடத் திடீரென்று முகூர்த்தம் குறித்துவிட்டார், பன்னிரண்டரைக்குள் முதல் வண்டி கொட்ட வேண்டும், மேளம்கூட வந்துவிட்டது.

“ரோட்டுல லோடோட எது இருக்கு?”

“ஏழு மட்டும்தான் சார். அது என் வீட்டுக்குப் போகுது.”

“எங்க போனா என்ன, நீ சொன்னா திரும்பிடப் போவுது. சொல்லு. உனக்கு அடுத்த ஞாயிறு பார்த்துக்கலாம்.”

“பதினாலு மாசமா அடுத்த ஞாயிறு சார்.”

“பரஞ்சோதி, உன் நல்லதுக்குச் சொல்றேன். ஒரே ஒரு வரி.” அவரே எண்ணை அழுத்திப் போனை அவன் காதில் வைத்தார். எதிர்முனையில் நாகஸ்வரம் கேட்டது, பிறகு தணிகாசலம் கேட்டார். “என்னப்பா டிஸ்பேட்ச், எங்க நம்ம வண்டி?”

மணிக்கயிறு பக்கத்தில் தொங்கியது. சடகோபனின் கை அவன் தோள்மேல் இருந்தது. அந்த ஒரு வரி அவன் நாக்கில் வந்து உட்கார்ந்து, கால் நீட்டிப் படுக்கவும் செய்தது. பரஞ்சோதி சொன்னான். “வண்டி இல்லீங்க. உங்களுக்கு இன்னிக்கு வண்டியே போடல. இருக்கிறது ஒரு வண்டி, அது என் வீட்டுத் தளத்துக்கு ரோட்டுல போயிட்டிருக்கு.”

மேளத்துக்கு நடுவே தணிகாசலம் பெரிதாகச் சிரித்தார். “டேய், டிஸ்பேட்ச்காரன் வண்டி இல்லங்கறான்டா! அப்ப தெருமுனைக்கு வந்துட்டான்னு அர்த்தம். மாலைய எடுங்கடா!”

சடகோபன் போனைப் பிடுங்கி, “ஐயா, வந்துடுச்சுங்கய்யா, கேட்டுலயே நிக்குது” என்றார். அவர் சொன்னதில் ஒன்றும் நடக்கவில்லை. அந்த வரம் முதலாளிகளுக்குக் கிடைத்திருக்கவில்லை.

பன்னிரண்டு ஐம்பதுக்கு எட்டியப்பனிடமிருந்து போன். “வந்துட்டேன் தம்பி, முழுசா ரோட்டுலயே வந்துட்டேன். கலவை பால்கோவா மாதிரி இருக்கு. ஆனா இங்க பம்ப்பு ஓட்டறவனையும் நாலு சித்தாளுங்களையும் தவிர வேலையாளே இல்லியே.”

பரஞ்சோதி வளர்மதியைக் கூப்பிட்டான். “மேஸ்திரி எங்க?”

“பிரியாணி சாப்பிட மெயின் ரோட்டுக்கு அனுப்பிட்டேன், பின்ன? சந்தைங்கறீங்க, கேட்டுங்கறீங்க. உங்களக் கட்டிக்கிட்டு நான் ஒன்பது வருஷமா இதத்தான கேக்கறேன். கேட்டுல நிக்குதுன்னா இன்னும் கிளம்பலன்னு எனக்குத் தெரியாதா? யாரோ வெளியாளுகிட்ட பேசற மாதிரி எங்கிட்டயும்...” வீட்டின் பின்பக்கம் இருந்தவளுக்கு, தெருவில் மிக்சரின் வயிறு சுற்றுகிற சத்தம் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். “இருங்க,” என்று வைத்தாள்.

தண்ணீர் பட்டு இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. பரஞ்சோதி எழுந்தான். இரண்டு போன்களும் அடித்துக்கொண்டிருக்க, ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவற்றை அப்படியே விட்டுவிட்டுத் தன் பைக் சாவியை எடுத்தான். “இந்தக் கதவைத் தாண்டினா திரும்ப வராத” என்றார் சடகோபன். அவன் தாண்டினான். அதே சந்தை, அதே மாடுகள், அதே கேட். இந்த முறை பயணிகள் ரயில்.

அவன் போய்ச் சேர்ந்தபோது தளத்தில் முக்கால்வாசி விழுந்திருந்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வளர்மதி மேலே நின்று குழாயின் வாயைத் திசை திருப்பிக்கொண்டிருந்தாள். கொத்தனார்கள் போட்டதை இருபது வருஷமாகக் கீழேயிருந்து பார்த்தே கற்றுக்கொண்ட நாலு சித்தாள்களும் முழங்கால்வரை கலவையில் நின்று மட்டம் இழுத்தார்கள். அவர்களில் மூத்தவளான பச்சையம்மா, பிரியாணி மணத்தோடு சைக்கிளில் வந்து இறங்கிய மேஸ்திரியைப் பார்த்து, “வாங்க மாப்ள, மொய் எழுதிட்டுப் போங்க” என்றாள். எட்டியப்பன் வண்டி நிழலில் உட்கார்ந்து, கடைசிக் கலவை வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை பரஞ்சோதிக்கு வேலைநீக்க உத்தரவு வந்தது. காரணம்: நிர்வாகத்தின் அனுமதியின்றி வாடிக்கையாளருக்கு உண்மை தெரிவித்தது. அவன் இடத்தில் ஒரு மென்பொருளைப் போட்டார்கள். அதில் ஒரு பெண் குரல், உங்கள் வாகனம் வந்துகொண்டிருக்கிறது என்று இனிமையாகச் சொல்லும், வாகனம் வராது. என்ஜினீயர்கள் நிம்மதியாகக் கம்பி கட்டினார்கள். சப்-இன்ஸ்பெக்டருக்கு உடம்பு தேறியது. தணிகாசலத்தின் மண்டபத்தில் தை மாதம் மட்டும் பதினோரு கல்யாணம் நடந்தது.

கரும்பாக்கத்தில் பதினைந்தாம் நாள் பலகையைப் பிரித்தார்கள். தளத்தைத் தாங்கி நின்ற முட்டுக் கம்பங்களை எடுக்க வந்த மேஸ்திரி தளத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார், கணீரென்றது. “வண்டி நிஜமாவே ரோட்டுலதான் வந்தது, நிஜமாவே கல்லாயிருக்கு, எடுத்துடலாம்” என்றான் பரஞ்சோதி. அவன் சொன்னான் என்பதற்காகவே வளர்மதி, ஒன்றை மட்டும் இருக்கட்டும் என்றாள். ஐப்பசியில் அவர்கள் குடிவந்தபோதும் கூடத்துக்கு நட்டநடுவே அந்த ஒரு சவுக்கு முட்டு நின்றது. பெண்கள் அதைச் சுற்றி விளையாடினார்கள், அவள் அதில் ஆணி அடித்து நாட்காட்டி மாட்டினாள். அந்த வட்டாரத்தில் அந்த வருஷம் போட்ட தளங்களில், கீழே ஒரு முட்டு நின்றது அது ஒன்றில்தான். மற்ற வீடுகளிலெல்லாம் ஜனங்கள் முட்டு எதுவும் இல்லாமல் கால் நீட்டித் தூங்கினார்கள்.